மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

1989 அக்டோபர் 17 அன்று மாலை, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 63 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், பக்கத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் 137 மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கி வைத்திருந்தார். மனசு சோர்ந்துபோனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அதிலிருந்த முக்கியமான கேள்வி. சிலர் நண்பர்களைத் தேடிப் போகிறவர்கள், ஏதாவது கைவேலையில் இறங்குகிறவர்கள். சிலர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று அதையே அசைபோடுகிறவர்கள்.

நிலநடுக்கம் யாரும் திட்டமிடாத ஒரு சோதனையாக அமைந்துவிட்டது. பத்தாம் நாளும் ஏழாவது வாரமும் அதே மாணவர்களை அவர் மறுபடி விசாரித்தார். அசைபோடும் வழக்கம் உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நிலநடுக்கத்துக்கு முன்பே அவர்கள் எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

அசைபோடுவதில் உள்ள ஆபத்து என்னவென்றால், அது ஏதோ உருப்படியான வேலை நடப்பதுபோலவே தோன்றும். இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு, மாமியார் சொன்ன ஒரு வார்த்தையையோ மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியையோ ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கும்போது, பிரச்சினையைத் தீர்க்கத்தானே யோசிக்கிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். உளவியல் சிகிச்சையில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கொஞ்ச நேரம் யோசித்த பிறகு நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: தீர்வுக்கு ஓரடியாவது நெருங்கினேனா? முன்பு புரியாத எதுவும் இப்போது புரிந்ததா? என் மேல் எனக்கிருக்கும் கசப்பு குறைந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது யோசனை இல்லை, அசைபோடல். அதை யோசித்தே நிறுத்த முடியாது. எழுந்து வேறொன்றில் கையை வைத்தால்தான் நிற்கும்.

இப்படிச் சொன்னதும் வரும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "எதுவும் செய்யப் பிடிக்கலையே. மனசு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பசித்தால் சாப்பிடுகிறோம், தூக்கம் வந்தால் படுக்கிறோம்; மனம் வந்தால் செய்வோம் என்பதும் அந்த வரிசையில்தானே வரும்? மனச்சோர்வில் மட்டும் இந்த வரிசை நம்மை ஏமாற்றிவிடுகிறது. கடந்த ஐம்பது ஆண்டு மனநல ஆராய்ச்சி சாதாரண மக்களுக்குத் தந்தவற்றில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்: செயல் முன்னால் போகலாம், மனம் பின்னால் வரும்.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லூவின்சன். 1970-களில் அவர் வைத்த விளக்கம் எளிமையானது. நாம் ஒன்றைச் செய்கிறோம், அதற்குப் பலனாக ஏதோ நமக்குத் திரும்பி வருகிறது: ஒரு சிரிப்பு, ஒரு பாராட்டு, முடித்தோம் என்ற நிறைவு, சூடான காபியின் சுகம். இந்த வரத்து குறையும்போது மனிதர் சோர்கிறார். சோர்ந்தவர் இன்னும் குறைவாகச் செய்கிறார். வரத்து இன்னும் குறைகிறது. இந்தச் சுழலில் ஒரு கட்டத்துக்கு மேல், முதலில் எதனால் ஆரம்பித்தது என்பதே பொருட்டில்லாமல் போய்விடும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் காலை 8.10 பஸ், அதில் ஏறும் நண்பர், ஆபீஸ் வாசலில் டீக்கடை, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்கும் ஜூனியர். பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்தி அனுப்பிய மறுநாள் காலை இவ்வளவும் ஒரே நேரத்தில் நின்றுபோகிறது. மனைவியை இழந்தவருக்கும் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு கொள்ளாமல் ஆட்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் உண்மையான வெறுமை தொடங்குகிறது. துக்கம் நோயல்ல, அதை யாரும் அவசரப்படுத்தவும் கூடாது. ஆனால் அந்தப் பதினேழாம் நாளிலிருந்து அவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், அவர் எங்கே போகிறார் என்பதெல்லாம் அவருடைய மனநலத்தைச் சேர்ந்த விஷயங்கள்தான்.

லூவின்சனின் கருத்து சில காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை, மனச்சோர்வின் வேர் தவறான எண்ணங்களில் இருக்கிறது என்றது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பைப் பிடித்து, ஆதாரம் கேட்டு, திருத்துவது அதன் வழி. அதுவும் நல்ல சிகிச்சை. இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அந்தச் சிகிச்சையில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்று சியாட்டிலில் இருந்த நீல் ஜேக்கப்சனுக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஏறத்தாழ 150 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு முழு சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதில் ஒரு பகுதி. மூன்றாவது பிரிவுக்கு அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டுவது மட்டும். எண்ணங்களைத் திருத்தும் பேச்சே கிடையாது. 1996-இல் முடிவு வெளியானது. மூன்று பிரிவினரும் ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

மருத்துவ உலகம் ஒரு தடவை வந்த முடிவை அப்படியே நம்பிவிடாது. 2006-இல், 241 பேரை வைத்து சோனா டிமிஜியனும் சகாக்களும் மறுபடி சோதித்தார்கள். கடுமையாகச் சோர்ந்திருந்தவர்களிடம், செயல்களைக் கூட்டும் இந்தச் செயல்தூண்டல் சிகிச்சை மாத்திரைக்கு ஈடாக நின்றது. எண்ணம் திருத்தும் சிகிச்சையைவிட மேலாகவும் இருந்தது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த சோதனை 2016-இல் வெளிவந்தது. அதில் செயல்தூண்டலைக் கொடுத்தவர்கள் நீண்ட படிப்புப் படித்த உளவியல் நிபுணர்கள் அல்ல. குறுகிய பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள். நிபுணர்கள் கொடுத்த எண்ணச் சிகிச்சைக்கு அது குறைந்துவிடவில்லை. செலவும் குறைவு.

மூளைக்குள் என்ன நடக்கிறது? சோர்ந்த மனதில் இன்பம் முழுக்க வற்றிவிடுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் செய்த ஆய்வுகள், ஒன்றை ரசிப்பதும் அதை நாடி எழுவதும் மூளையில் ஓரளவு தனித்தனியான ஏற்பாடுகள் என்று காட்டின. டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டாவதோடு, அதாவது நாடுவதோடு, நெருங்கிய தொடர்புள்ளது. மைக்கேல் ட்ரெட்வே என்ற ஆய்வாளர் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரு விளையாட்டுக் கொடுத்தார். ஆள்காட்டி விரலால் பட்டனைச் சில தடவை தட்டினால் சிறு தொகை. பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் 21 நொடிக்குள் 100 தடவை தட்டினால் பெரிய தொகை கிடைக்கக்கூடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் விருப்பம். சோர்ந்திருந்தவர்கள் கடினமான வழியை மற்றவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இங்கே தெரிகிறது. அவர்களுடைய மூளை, செய்வதற்கு ஆகும் செலவைப் பெரிதாகவும் கிடைக்கப்போகும் பலனைச் சிறிதாகவும் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தால் அது தப்பு என்று தெரியவே வாய்ப்பில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். ரொம்ப நாள் அடிக்காமல் கிடந்த அடிபம்பில் வெறுமனே எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால் கீழே இருக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறும். அந்த முதல் சொம்பை வெளியிலிருந்துதான் ஊற்ற வேண்டியிருக்கிறது.

சரி, நடைமுறையில் எப்படி? முதல் வாரம் எதையும் மாற்றுவதில்லை. ஒரு நோட்டில் நேரம் போட்டு, அந்தந்த நேரத்தில் என்ன செய்தோம், மனம் எப்படி இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதுவது, அவ்வளவுதான். பலருக்கு இதிலேயே ஒரு வியப்பு காத்திருக்கும். "வாரம் பூரா ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்று சொன்னவரின் நோட்டைப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்தியபோது 5, அன்று மதியம் படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரம் 2 என்று இருக்கும். சோர்வு நம் நினைவில் எல்லாவற்றுக்கும் ஒரே சாயத்தைப் பூசிவிடுகிறது. நோட்டு பூசுவதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து, எது 2-ஐ 4 ஆக்கியதோ அதைக் கொஞ்சம் கூட்டுவது. "நாளையிலிருந்து வாக்கிங் போகணும்" என்பது திட்டமல்ல, ஆசை. "நாளை காலை 6.30-க்கு, எதிர்வீட்டு அண்ணனோடு, கோயில் குளத்தை ஒரு சுற்று" என்பதுதான் திட்டம். நேரம், இடம், கூட யார் என்ற மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருந்தால், காலையில் மனசிடம் அனுமதி கேட்க வேண்டிய கட்டம் இல்லாமல் போகிறது. அளவு சிறிதாக இருக்க வேண்டும், வெட்கப்படும் அளவுக்குச் சிறிதாக. ஒரு மாதமாகக் குளிக்கவே தெம்பில்லாதவருக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றுவதுதான் முதல் வாரத்தின் இலக்கு. இரண்டு மாதமாகப் பிரிக்காத பேங்க் கவர்கள் குவிந்திருந்தால், இன்றைக்கு ஒன்றைப் பிரித்தால் போதும், படிப்பது நாளைக்கு. செய்ய முடியாமல் போனால் தன்னைத் திட்டிக்கொள்வதற்குப் பதில், பங்கு பெரிதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாதியாக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒதுங்குவது உடனடி நிம்மதியைத் தரும், அதனால்தான் அது இவ்வளவு பிடிவாதமான பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தால் "என்னப்பா, இன்னும் வேலை கிடைக்கலையா?" என்ற கேள்வியிலிருந்து அன்றைக்குத் தப்பிக்கலாம். அடுத்த விசேஷத்துக்குப் போவது இன்னும் கஷ்டமாகிவிடும். எதைச் செய்யாமல் விட்டோம், அதனால் உடனே கிடைத்தது என்ன, மெல்ல மெல்லப் போனது என்ன என்று இந்தச் சிகிச்சையில் சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் வரக்கூடும். காலை 5 மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, வேலைக்கும் போய் வந்து, இரவு 11 மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுக்கும் ஒரு பெண்ணிடம் போய், மனசு சரியில்லையா, இன்னும் கொஞ்சம் செய்யுங்கள் என்று சொன்னால் அது கொடுமை. அவள் ஓயாமல் செய்துகொண்டுதான் இருக்கிறாள். செய்வதிலிருந்து அவளுக்கு என்ன திரும்பி வருகிறது என்பதல்லவா கேள்வி? சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும்தான் அவளுடைய உழைப்பு அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், லூவின்சன் சொன்ன வரத்து அங்கே சுத்தமாக நின்றிருக்கிறது. அவளுக்கான திட்டத்தில் முதல் வரி எதைச் செய்வது என்பதாக இருக்க முடியாது. எதை இனி வேறொருவர் செய்யப்போகிறார் என்பதாகத்தான் இருக்க முடியும். அந்த இடத்தில், பாதியில் நின்ற தையலோ, பக்கத்து வீட்டு அக்காவோடு வாசல் திண்ணையில் இருபது நிமிடமோ, அவளுக்கே அவளுக்கென்று ஒன்று வர வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்கள் மாறாமல் இது நடக்காது. தனிமனிதரின் மனநலம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, உண்மையில் அந்த வீட்டின் வேலைப் பங்கீடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு இந்த அணுகுமுறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எண்கள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. வயது வந்தோரில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை அந்தச் சமயத்தில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை, 0.75 என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. இவ்வளவு பேரையும் நிபுணர்களே பார்த்து முடிப்பது என்பது நம் பேரன்கள் காலத்திலும் ஆகாது.

கோவாவில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். விக்ரம் படேலும் நண்பர்களும் 1996-இல் தொடங்கிய சங்கத் என்ற அமைப்பு, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் மக்களிடம் வேலை செய்தது. அங்கே வருபவர்கள் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கை கால் வலி, தலைவலி, தூக்கமில்லை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றுதான் வருவார்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவத்தை வைத்து, கடுமையாகச் சோர்ந்திருந்த 495 பேரைக் கண்டறிந்தார்கள். பாதிப் பேருக்கு மருத்துவரின் வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு உள்ளூர் ஆலோசகர் ஒருவருடன் வாரம் ஒருமுறை, ஆறு முதல் எட்டு சந்திப்புகள். அந்த ஆலோசகர்கள் மனநலப் படிப்பு எதுவும் படிக்காதவர்கள்; சில வாரப் பயிற்சியும், பிறகு மூத்தவர்களின் மேற்பார்வையில் நீண்ட களப்பயிற்சியும் பெற்றவர்கள். அவர்கள் கொடுத்தது முக்கியமாகச் செயல்தூண்டல்தான். சுகாதார நிலையத்துக்கு வர முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்த்தார்கள். தூக்கம், குடும்பத் தகராறு போன்ற உடனடிச் சிக்கல்களுக்கு வழி தேடுவதும், உதவக்கூடிய ஓர் உறவினரைக் கூட அழைத்துக்கொள்வதும் அந்தச் சந்திப்புகளில் அடக்கம்.

மூன்று மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். ஆலோசகரையும் சந்தித்தவர்களில் அது 64 சதவீதம். 2017-இல் லான்செட் இதழில் இது வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. தொடக்க மாதங்களில் அவர்கள் தம் அன்றாடச் செயல்களை உண்மையிலேயே கூட்டிக்கொண்டிருந்தார்கள்; பலனின் கணிசமான பங்கு அந்த மாற்றத்தின் வழியாகவே வந்திருந்தது. ஊரில் நாலு பேரோடு பழகத் தெரிந்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவரைப் பயிற்றுவித்தால் இவ்வளவு செய்ய முடியும் என்ற செய்தி, நம் ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதி வைக்கத் தகுந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. "சும்மா படுத்தே கிடக்காதே, வெளியே போய்ட்டு வாயேன்" என்று சொல்வதும், "கடைத்தெரு வரைக்கும் போறேன், நீயும் வா" என்று செருப்பை எடுத்து வைப்பதும் ஒன்றல்ல. முதலாவது, ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு திட்டு. இரண்டாவதில், கிளம்புவதற்கான செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். வர மறுத்தால் கோபிக்காமல் நாளைக்கும் கூப்பிட வேண்டும்.

தூக்கத்துக்கும் உடற்பயிற்சிக்கும் தனியாகவே கட்டுரை எழுதலாம், இங்கே சுருக்கமாக. இரவு எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்தில் நிற்பது உடம்பின் கடிகாரத்தை நிலைப்படுத்தும். உடற்பயிற்சி பற்றி ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ப்ளூமெந்தால் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்ட 156 நோயாளிகள் பங்கேற்றார்கள். 16 வாரம் கழித்து, வாரம் மூன்று முறை பயிற்சி செய்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கப் போகலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்து பலரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து. கடனும் வேலையின்மையும் வீட்டுக்குள் நடக்கும் அடிஉதையும் நோட்டில் மதிப்பெண் எழுதினால் தீருபவை அல்ல, அவற்றுக்கு வேறு உதவிகள் வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வுபோலவே முகம் காட்டும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது. வழக்கத்துக்கு மீறிய உற்சாகம், தூக்கமே வேண்டாத நாட்கள், கண்டபடி செலவு என்று எப்போதாவது இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிகிச்சையே மாறும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தால், சாப்பாடும் தூக்கமும் குலைந்தால், அரசு மருத்துவமனையில் உள்ள மனநலப் பிரிவுக்குப் போகலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இந்தியா முழுவதும் இயங்கும் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இதுபோன்ற உதவிக்கான எண் 1926. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தயங்கிப் பலர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கோவையாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "ரொம்ப நாளா தூக்கம் வரலை" என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை எதிர்முனையில் இருப்பவர் கேட்டுக்கொள்வார்.